கண்டு கற்கும் கிரேக்க நாடு

அறிவு பெறும் வழிகளை அளவை நூலார் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறுவர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். அறிந்தோர் சொல்லையும் நூலையும் துணையாகக் கொண்டு அறிவது உரை. வரலாற்றுப் பாடமோ பெரும்பாலும் உரை ஒன்றையே பற்றி நிற்கின்றது. மன்னர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் மாணவர் நாவில் ஏறுகின்றன. தேர்வு முடிந்ததும் இறங்கிவிடுகின்றன. அப்போர் ஏன் அவ்விடத்தில் நிகழ்ந்தது, சிறுபடை ஒன்று பெரும்படையை எவ்வாறு தடுத்தது என்று வினவினால் விடை வருவதில்லை. நிகழ்ச்சியைக் கற்று, அது நிகழ்ந்த நிலத்தைக் கல்லாது விட்டதே இக்குறைக்குக் காரணமாகும்.

இக்குறையைப் போக்கும் வழிகளுள் சிறந்தது பயணம். வரலாற்றையும் புவியியலையும் ஒருங்கே கற்பிக்கும் பயணத்திற்குக் கிரேக்க நாடு மிகவும் ஏற்றது. பரப்பால் அது சிறிய நாடு. புகழ்பெற்ற இடங்கள் பலவும் ஒன்றற்கொன்று சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளன. அந்நாட்டுப் பள்ளி மாணவர் ஆசிரியரோடும், பிற நாட்டுச் சிறுவர் பெற்றோரோடும் ஆண்டுதோறும் அவ்விடங்களைக் காணச் செல்கின்றனர். அவர்கள் அங்கே காண்பவை யாவை, கண்டு கற்பவை யாவை என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில் அறியத்தக்கது நாட்டின் அமைப்பு. கிரேக்க நாடு ஐரோப்பாவின் தென்கிழக்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீவக்குறை. கிழக்கில் ஈஜியன் கடலும், மேற்கில் அயோனியக் கடலும், தெற்கில் மத்தியதரைக் கடலும் அதனைச் சூழ்ந்துள்ளன. நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மலையும் குன்றுமாகும். மலைகளுக்கு இடையே சிறுசிறு சமவெளிகள், ஒன்றையொன்று காணாதவாறு பிரிந்து கிடக்கின்றன. கரையோரம் எங்கும் கடல் உட்புகுந்து குடாக்களையும் துறைகளையும் அமைத்துள்ளது. பேருந்தில் செல்லும் மாணவன், ஒரு சமவெளியைக் கடந்து மலையேறி இறங்கியதும் மற்றொரு சமவெளியைக் காண்கிறான். அதனைக் கடந்ததும் மீண்டும் மலை. இவ்வாறு சிலமுறை ஏறி இறங்கிய பின்னர், பண்டைக் கிரேக்கர் ஏன் ஒரு பேரரசின்கீழ் ஒன்றுபடாமல் நூற்றுக்கணக்கான நகர அரசுகளாக வாழ்ந்தனர் என்பதை எவரும் அவனுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலை பிரித்தது, கடல் சேர்த்தது. ஒரே மொழியும் ஒரே தெய்வங்களும் உடையவராய் இருந்தும் அவர்கள் தனித்தனி அரசு நடத்தினர். அண்டையூருக்கு மலை கடந்து செல்வதினும் தொலைதூரத் தீவுக்குக் கப்பலிற் செல்வதை எளிதாகக் கருதினர்.

பயணத்தால் வரலாறு கற்கும் முறை கிரேக்கருக்குப் புதியதன்று. வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் ஹெரோடோட்டஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். எகிப்து முதலிய நாடுகளுக்குச் சென்று, கண்டவற்றையும் கேட்டவற்றையும் தம் நூலில் எழுதினார். அவர் தம் நூலுக்கு வழங்கிய ‘ஹிஸ்டோரியா’ என்னும் சொல்லுக்கு ‘வினவி ஆராய்தல்’ என்பது பொருள். வரலாறு என்பது வினவுதலிற் பிறந்தது என்பதை அச்சொல்லே காட்டுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாசேனியாஸ் என்பவர் கிரேக்க நாட்டை ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துப் பத்துப் பகுதிகளாக ஒரு வழிநூல் எழுதினார். மைசீனி என்னும் பழைய நகரில் அரசர் கல்லறைகள் மதிலுக்குள் இருப்பதாக அவர் குறித்ததை நம்பி, ஷ்லீமன் என்னும் ஜெர்மானியர் 1876ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்தார். பொன் முகமூடிகளும் பொற்கலங்களும் வெளிப்பட்டன. கிரேக்க மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற செங்கடற் செலவு பற்றிய நூல் ஒன்று முசிறித் துறையையும் குறிப்பிடுகிறது. சங்க நூல்கள் யவனர் கலங்களைப் பேசுகின்றன. நேரிற் சென்று கண்டு எழுதியோரின் உரை, பிற்காலத்தார்க்கு இவ்வாறு வழிகாட்டியாகிறது.

கிரேக்கப் பயணம் பெரும்பாலும் ஏதென்ஸ் நகரில் தொடங்கும். நகரின் நடுவே கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைக்குன்று நிற்கிறது. அதன் பெயர் அக்ரோபோலிஸ். ‘உயர்நகர்’ என்பது அதன் பொருள். அறிவுடைய ஆசிரியர், மாணவரை அக்குன்றின்மேல் நிறுத்தி, கோயிலைக் காட்டுமுன் சுற்றியுள்ள நிலத்தைக் காட்டுவார். வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் மலைகள். தென்மேற்கில் மட்டும் நிலம் சரிந்து கடலை அடைகிறது. அங்கே பிரேயஸ் துறைமுகமும், அதற்கு அப்பால் சாலமிஸ் தீவும் தோன்றும். மண் வளமற்றது, ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் செழிக்கும், கோதுமை போதிய அளவு விளையாது. இவற்றைக் கண்ட மாணவன், ‘இந்நகரத்தார் உணவுக்கு என் செய்தனர்?’ என்று தானே வினவுவான். கருங்கடற் கரையிலிருந்து கப்பலில் தானியம் வந்தது என்பது விடை. ஏதென்ஸ் கடலரசு ஆனதற்குப் புகழாசை மட்டும் காரணமன்று, பசியும் ஒரு காரணம் என்னும் உண்மை அவ்விடத்தில் அவன் உள்ளத்தில் பதிகிறது.

குன்றின் உச்சியில் நிற்பது பார்த்தினன் என்னும் கோயில். பெரிக்ளிஸ் என்னும் தலைவர் காலத்தில், கி.மு. 447இல் தொடங்கி, 432இல் சிற்ப வேலைகளும் முற்றுப்பெற்றன. அதன் பளிங்கு, வடகிழக்கில் தெரியும் பென்டெலிக்கஸ் மலையில் வெட்டி எடுக்கப்பெற்றது. இரண்டாயிரம் ஆண்டுகள் பெரும்பாலும் உருக்குலையாது நின்ற அக்கோயில், 1687ஆம் ஆண்டில் ஒரே நாளில் சிதைந்தது. துருக்கியர் அதனை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தனர். முற்றுகையிட்ட வெனிஸ் நகரப் படையின் குண்டு அதன்மேல் வீழ்ந்தது. எஞ்சிய சிற்பங்களிற் பலவற்றை எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801ஆம் ஆண்டு முதல் பெயர்த்தெடுத்தனர். அவை 1816இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. அடிவாரத்தில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில், காலத்தால் நிறம் மங்கிய மூலச் சிற்பங்களுக்கு இடையே, நாட்டை விட்டுச் சென்றவற்றின் வெண்சுதை உருவங்கள் வைக்கப்பெற்றுள்ளன. எது இங்கே உள்ளது, எது இல்லை என்பதை அந்நிற வேறுபாடு சிறுவர்க்கும் உணர்த்திவிடும்.

அக்ரோபோலிஸுக்கு மேற்கே நிக்ஸ் என்னும் தாழ்ந்த குன்று உள்ளது. ஏதென்ஸ் மக்களின் பேரவை கூடிய இடம் அதுவே. பாறையில் செதுக்கிய பேச்சு மேடை இன்றும் காணப்படுகிறது. சிறப்பான சில முடிவுகளுக்கு 6,000 குடிமக்கள் கூடியிருத்தல் வேண்டும் என்பது அக்கால விதி. ஒரு மாணவனை மேடையில் நிற்கச் செய்து, பிறரைத் தொலைவில் நிறுத்திப் பேசச் சொன்னால், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் குடியாட்சிக்குக் குரல்வளம் எத்துணை வேண்டியிருந்தது என்பது விளங்கும். ஆயின் அப்பேரவையில் பெண்டிர்க்கு இடமில்லை, அடிமைகளுக்கு இடமில்லை, அந்நகரில் குடியேறி வாழ்ந்த பிற ஊரார்க்கும் இடமில்லை. இதனையும் அம்மேடையின் அருகிலேயே சொல்லுதல் வேண்டும்.

குன்றின் கீழே பழைய அங்காடி வெளி உள்ளது. அதன் அருங்காட்சியகத்தில் பெயர் கீறிய மட்பாண்ட ஓடுகள் வைக்கப்பெற்றுள்ளன. நாட்டிற்கு இடர் விளைப்பார் என்று ஐயுற்ற ஒருவரின் பெயரை ஓட்டில் எழுதி இடுவது ஏதென்ஸ் மக்களின் வழக்கம். பலர் எழுதிய பெயருடையார் பத்தாண்டு நாட்டை விட்டு நீங்கல் வேண்டும். நாட்டைக் காத்த தெமிஸ்டாக்ளிஸ் என்பவரும் பின்னாளில் இவ்வாறு நீக்கப்பெற்றார். அவர் பெயர் தாங்கிய ஏறத்தாழ 190 ஓடுகள் ஒரே கிணற்றில் கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தோர், அவற்றை எழுதிய கைகள் பதினான்கே எனக் கண்டனர். முன்னரே எழுதி வைத்து மக்களிடம் வழங்குவதற்குச் சிலர் ஆயத்தம் செய்தனர் என்று அறிஞர் கருதுகின்றனர். கண்டது ஓடு, அதனைக் கொண்டு கருதியது சூழ்ச்சி. ஒரு கைப்பிடி ஓடு, குடியாட்சியின் சிறப்பையும் அதற்கு நேரக்கூடிய கேட்டையும் ஒருங்கே கற்பிக்கின்றது.

நகருக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், லாரியம் என்னும் வெள்ளிச் சுரங்கப் பகுதி உள்ளது. பயணிகள் பலர் அதனைக் காணாமலே திரும்புகின்றனர். மாணவரோ அதனைக் காணாது திரும்புதல் கூடாது. கி.மு. 483ஆம் ஆண்டளவில் அங்கே வளமான வெள்ளிப் படிவு வெளிப்பட்டது. அவ்வெள்ளியை மக்கள் பங்கிட்டுக்கொள்ள விரும்பினர். தெமிஸ்டாக்ளிஸ் அவர்களைத் தடுத்து, அதனைக் கொண்டு போர்க்கப்பல்கள் கட்டச் செய்தார். அவ்வெள்ளியை வெட்டியோர் அடிமைகள். ஓர் ஆள் தவழ்ந்து மட்டுமே செல்லக்கூடிய குறுகிய சுரங்க வழிகள் இன்றும் அங்குள்ளன. பளிங்குக் கோயிலைக் கண்டு வியந்த சிறுவன் இவ்வழியையும் எட்டிப் பார்ப்பானாயின், ஒரு நாட்டின் பெருமைக்கு விலை கொடுத்தோர் யாவர் என்பதை மறவான்.

அக்கப்பல்கள் பயன்பட்ட இடம் சாலமிஸ். கி.மு. 480இல் பாரசீகப் பேரரசர் செர்க்ஸிஸ் பெரும்படையுடன் வந்தார். ஏதென்ஸ் மக்கள் நகரை விட்டு நீங்கினர், நகர் எரியூட்டப்பெற்றது. பின்னர், சாலமிஸ் தீவுக்கும் கரைக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய கடலிடுக்கில் இரு கடற்படைகளும் எதிர்த்தன. இக்காலத்தில் பெராமா என்னும் இடத்திலிருந்து அத்தீவிற்குப் படகுகள் செல்கின்றன. படகில் நிற்கும் மாணவனுக்கு இருபுறக் கரையும் அருகிலேயே தோன்றும். எண்ணிக்கையில் மிகுந்த பாரசீகக் கப்பல்கள் அவ்விடுக்கினுள் புகுந்து, திரும்பவும் இடமின்றி ஒன்றோடொன்று மோதி அழிந்தன. திறந்த கடலில் வலிமையாவது, ஒடுங்கிய நீரில் சுமையாகும் என்பதை வரைபடத்தினும் தெளிவாக அப்படகுப் பயணம் காட்டும்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், கி.மு. 490இல், பாரசீகர் முதன்முறை வந்திறங்கிய இடம் மாரத்தான். ஏதென்ஸுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடலோரச் சமவெளி அது. போரில் மாண்ட ஏதென்ஸ் வீரர் 192 பேரின் நினைவாக எழுப்பிய மண்மேடு இன்றும் அங்கே நிற்கிறது. மாரத்தான் ஓட்டம் என்றால் அறியாதார் இலர். வெற்றிச் செய்தியை ஏதென்ஸுக்கு ஓடிச் சென்று உரைத்து உயிர்விட்ட வீரனின் கதையே அதற்கு மூலம். ஆயின் ஹெரோடோட்டஸ் அக்கதையைக் கூறவில்லை. போருக்கு முன்னர் ஸ்பார்ட்டாவுக்கு உதவி வேண்டி ஓடிய தூதனைப் பற்றியே கூறுகிறார். ஏதென்ஸுக்கு ஓடி மடிந்தவன் கதை பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நூல்களிற் காணப்படுவது. இடத்தைக் கண்ட மாத்திரத்தில் கதையெல்லாம் உண்மையாகிவிடாது என்பதை ஆசிரியர் இங்கே எடுத்துக்காட்டலாம்.

காட்சி ஒன்றையே நம்புவார் இடறும் இடம் தெர்மோபிலே. ஏதென்ஸிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்றால் அவ்விடத்தை அடையலாம். கி.மு. 480இல், சாலமிஸ் போருக்குச் சில கிழமைகள் முன்னர், ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸ் அங்கே பாரசீகரைத் தடுத்து நின்றார். மலைக்கும் கடலுக்கும் இடையே வண்டி செல்லும் அளவே வழி இருந்தது என்று நூல் கூறும். இறுதி நாளில் ஸ்பார்ட்டா வீரர் 300 பேரும், அவர்களோடு நிற்க விரும்பிய தெஸ்பியா நகர வீரர் 700 பேரும் அங்கேயே போரிட்டு வீழ்ந்தனர் என்பது செய்தி. ஆனால் இன்று அங்கே செல்லும் மாணவன் காண்பது பரந்த சமவெளி! கடல் கண்ணுக்கெட்டாத் தொலைவில் உள்ளது. ‘இவ்வகன்ற வெளியைச் சிலர் எவ்வாறு அடைத்தனர்?’ என்று அவன் மயங்குவான். நூல் பொய்யோ? அன்று. ஸ்பெர்க்கியோஸ் ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல், இருபத்தைந்து நூற்றாண்டுகளில் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. ‘வெப்ப வாயில்’ என்று அவ்விடத்திற்குப் பெயர் தந்த வெந்நீர் ஊற்றுகள் இன்றும் பாய்கின்றன. அருகிலுள்ள சிறு மேட்டை 1939இல் அகழ்ந்தபோது பாரசீக அம்பு முனைகள் பல கிடைத்தன. நூல் உரைத்ததும் மெய்; கண் கண்டதும் மெய். இரண்டையும் பொருந்தச் செய்வது ஆற்றின் செயலை அறியும் புவியியல்.

இனிப் பயணம் தெற்கு நோக்கித் திரும்பும். கிரேக்க நாட்டின் வடபகுதியையும் பெலப்பொனீசியத் தீவக்குறையையும் இணைப்பது கொரிந்துப் பூசந்தி. அதன் குறுகிய அகலம் ஏறத்தாழ 6 கிலோமீட்டரே. தெற்கு முனைகளைச் சுற்றிச் செல்லும் கடல்வழி நெடியது, புயலுக்கு இடமானது. ஆதலின் பண்டையோர் கல்பாவிய பாதை ஒன்று அமைத்து, கப்பலையே நிலத்தின்மேல் இழுத்து மறுகடலில் விட்டனர். அப்பாதையின் சில பகுதிகள் இன்றும் உள்ளன. கி.பி. 67இல் உரோமப் பேரரசன் நீரோ கால்வாய் வெட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டான். 1893இல்தான் கால்வாய் திறக்கப்பெற்றது. பாலத்தின்மேல் நின்று, செங்குத்தான கரைகளுக்கு இடையே ஆழத்தில் செல்லும் கப்பலைக் காணும் சிறுவன், இருகடல் வணிகமும் ஒரு வாயிலில் கூடிய கொரிந்து நகர் செல்வத்திற் சிறந்தது ஏன் என்று வினவமாட்டான்.

அங்கிருந்து மேலும் தெற்கே சென்றால் யூரோட்டாஸ் ஆற்றுச் சமவெளியில் ஸ்பார்ட்டா உள்ளது. மேற்கே டெய்கெட்டஸ் மலைத்தொடர் 2,400 மீட்டர் உயர்ந்து மதில்போல் நிற்கிறது. கிரேக்க நாட்டையே நடுங்கச் செய்த நகர் அங்கே இருந்தது. இன்று காண்பதற்கோ சில அடிப்படைக் கற்களும், ஒலிவத் தோப்பும், பிற்கால அரங்கின் சிதைவும் தவிர மிகுதியாக ஒன்றுமில்லை. இவ்வாறு நேரும் என்பதை கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே தூசிடைடிஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். இரு நகரும் பாழ்பட்டு அடிப்படைகள் மட்டும் எஞ்சினால், பிற்காலத்தார் ஸ்பார்ட்டாவின் வலிமையை நம்பமாட்டார். ஏதென்ஸையோ உண்மையினும் இருமடங்கு வலியதாகக் கருதுவர் என்பது அவர் கருத்து. அவ்விரு நகரும் கி.மு. 431 முதல் 404 வரை பொருதன. முடிவில் ஏதென்ஸின் கப்பற்படையை அழித்துத் தானியக் கப்பல்களின் வழியை அடைத்து ஸ்பார்ட்டா வென்றது. எஞ்சிய கல்லின் அளவைக் கொண்டு ஒரு நாட்டை எடைபோடலாகாது என்பதைக் கற்பிக்க அவ்வெறுநிலத்தினும் சிறந்த பள்ளி இல்லை.

பெலப்பொனீசியத்தின் மேற்கில் உள்ளது ஒலிம்பியா. மரபு வழிக் கணக்கின்படி கி.மு. 776இல் தொடங்கிய விளையாட்டு விழா அங்கே நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெற்றது. விழாக் காலத்தில் வருவோரும் போவோரும் இடையூறின்றிச் செல்லுமாறு அமைதி அறிவிக்கப்பெற்றது. பிற்காலத்தில் நிலநடுக்கம் தூண்களைச் சாய்க்க, ஆற்று வெள்ளம் வண்டலால் மூடிவிட்டது. 1875ஆம் ஆண்டு முதல் ஜெர்மானிய அறிஞர் அகழ்ந்து வெளிப்படுத்தினர். 192 மீட்டர் நீளமுள்ள ஓட்டக் களமும், ஓடுவோர் கால் பதித்து நின்ற கல்வரிசையும் இன்றும் உள்ளன. அங்கே செல்லும் சிறுவர் அக்கல்லின்மேல் நின்று மறுமுனை வரை ஓடாமல் திரும்புவது அரிது. நூலிற் படித்த அளவு எதுவும் அவர்க்கு மறந்துபோகலாம். தம் மூச்சால் அளந்த அந்நீளம் மறவாது.

இவ்வாறு பயன் தரும் பயணத்திற்கு முறை ஒன்று வேண்டும். புறப்படுமுன் மாணவன் தன் கையால் நாட்டின் படத்தை வரைந்து மலை, ஆறு, கடல், நகர் ஆகியவற்றைக் குறித்தல் முதற்படி. இடத்தை அடைந்ததும், ஆசிரியர் விளக்கம் கூறுமுன் மாணவனை நோக்கவும் வினவவும் விடுதல் இரண்டாம் படி. ‘தண்ணீர் எங்கிருந்து வந்தது? பகைவர் எவ்வழியாக வருவர்? உணவு எங்கே விளைந்தது?’ என்னும் மூன்று வினாக்கள் எந்தப் பழைய நகருக்கும் பொருந்தும். கண்டதையும் கருதியதையும் அன்றிரவே தன் ஏட்டில் எழுதி, நூலோடு ஒத்துப் பார்த்தல் மூன்றாம் படி. ஒரே நாளில் பத்து இடங்களைக் காட்டி விரைதல் பயன்படாது. வினவாமற் பார்ப்பவன் கல்லைக் கண்டு மீள்வான். வினவிப் பார்ப்பவனே வரலாற்றைக் கண்டு மீள்வான்.

கிரேக்க நாடு சென்று காணும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அதனால் மனம் தளர வேண்டுவதில்லை. களிமண்ணால் மலையும் குடாவும் சமைத்து, சாலமிஸ் இடுக்கில் காகிதக் கப்பலைச் செலுத்திப் பார்க்கும் வகுப்பறையிலும் அப்பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும். அங்கே பழகிய வினாக்களோடு தம் ஊர்க் கோட்டையையும் குளத்தையும் துறையையும் மாணவர் நோக்குவாராயின், அவையும் விடை கூறத் தொடங்கும். காண்டலும் கருதலும் உரையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே கல்வி நிறைவு பெறுகின்றது.